குமராட்சிக்குப் போன சாவி

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இதுல எதுங்க கரெக்ட் டைம்?" எதுவுமே இல்லை என்று சொன்னால், நான் ஏதோ ஜோக் அடித்துவிட்டதாக நினைத்துச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

கடலூர் முதுநகரில் அப்பா கட்டிய வீடு. கூடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பழைய ரயில்வே கடிகாரம். தேக்குச் சட்டம், பித்தளை வளையம், ரோமன் எழுத்து, நடுவில் என்றோ இல்லாமல் போன ரயில் கம்பெனியின் எழுத்துகள். போன மாதம் ஒரு பெண் வந்து செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனாள். பழைய பொருள்களை வைத்து வீட்டை அலங்கரிப்பது எப்படி என்று வீடியோ போடுகிறவளாம். வாசலுக்கு நேரே தொங்குகிற சின்னக் கடிகாரம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதைக் கிட்டத்தில் காட்டி, பின்னால் டிக் டிக் என்று ஒரு சத்தத்தையும் சேர்த்திருந்தாள். அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் செல்போனைத் தூக்கி அடித்திருப்பேன்.

அவை ரிப்பேர் இல்லை. சாவி கொடுத்தால் இன்றைக்கும் ஓடும். அப்பா கொடுப்பதில்லை, வேறு யாரையும் கொடுக்க விடுவதும் இல்லை. என் பெரியப்பா செத்ததிலிருந்து இப்படித்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. கடலூர், சிதம்பரம் வழியாக மாயவரம் போகிற பழைய மீட்டர் கேஜ் பாதையைப் பெயர்த்துவிட்டு அகலப் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். வருடக்கணக்கில் ரயிலே கிடையாது. ஊரே பஸ்ஸில் நசுங்கிக்கொண்டிருக்க, என் அப்பா ஒருவர்தான் சந்தோஷமாக இருந்தார். ஸ்டேஷன்களில் கிடந்த பெஞ்சு, விளக்கு, கடிகாரம் எல்லாம் ஏலத்தில் போய்ப் பழைய சாமான் கடைகளில் வந்து இறங்கின. சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில் அப்பாவுக்கு வேலை. ஷிப்ட் முடிந்ததும், சட்டையில் அந்த அழுகிய முட்டை நாற்றத்தோடு, நேரே பழைய சாமான் கடைக்குத்தான் போவார்.

கொண்டுவந்த கடிகாரத்தைக் கூடத்தின் நடுவில் பேப்பர் விரித்து வைத்துப் பிரிப்பார். பித்தளை வளையத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது என் வேலை. கல்யாணப் போட்டோ மாட்டுவதற்கு ஒரே ஒரு ஆணி அடிக்க இடம் கேட்டு அம்மா அலுத்துப்போனாள். கடைசியில் அது சமையலறையில், அரிசி டின்னுக்கு மேலே தொங்கியது. "தாலி கட்டுன அன்னிக்கே இவருக்கு முகூர்த்த நேரத்து மேலதான் கண்ணு," என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பா பிறந்தது குமராட்சிக்குப் பக்கத்தில், கொள்ளிடத்து ஓரமாக ஒரு கிராமத்தில். தெருவிலேயே யார் வீட்டிலும் கடிகாரம் கிடையாது. அப்பா சிதம்பரத்துக்குப் போய்ப் பரீட்சை எழுதவேண்டிய நாள்களில், எங்கே தூங்கிவிடுவோமோ என்று அண்ணன் கண்ணைக் கொட்டாமல் உட்கார்ந்திருந்து, முதல் பஸ்ஸுக்கு எழுப்பி விடுவாராம். "எங்க வூட்ல கடியாரம் இல்ல. எங்க அண்ணந்தான் எனக்கு அலாரம்." வருகிறவர்களிடமெல்லாம் இதை அப்பா பெருமையாகச் சொல்வார். அந்த அண்ணன்தான் என் பெரியப்பா. தம்பியைப் படிக்க வைத்தவர், தான் கல்யாணம் கட்டவில்லை. குத்தகை நிலத்தில் நெல் போட்டுக்கொண்டு அதே வீட்டில் தனியாக இருந்தார். வருடா வருடம் எங்களுக்கு அரிசி அங்கிருந்துதான் வரும். கடலூரில் கடை அரிசி வாங்கினால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

அப்படிப்பட்ட அண்ணனுக்கு அப்பா ஒரு சின்னக் கடிகாரம் கொடுத்தார். ஏதோ குட்டி ஸ்டேஷனில் இருந்தது, ஒருமுறை சாவி கொடுத்தால் ஒரு வாரம் ஓடும். பெரியப்பாவின் கையோ மண்வெட்டி பிடித்த கை. முதல் வாரமே முறுக்கு முறுக்கென்று முறுக்கிச் சுருளைச் சிக்க வைத்துவிட்டார். அப்பா அதைச் சரிசெய்துவிட்டுச் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "நீ கை வைக்காதண்ணே. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நானே வந்து சாவி குடுக்குறேன்."

பெரியப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவருக்குக் கடிகாரம் எதற்கு? தம்பி வாரா வாரம் வருவான் என்பதுதான் அவருக்குக் கணக்கு. இது எனக்குப் பிற்பாடு தோன்றியது.

கொஞ்ச காலம் தவறாமல் போனோம். அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா உள்ளே கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது, பெரியப்பா என்னை வயலுக்குக் கூட்டிப்போனார். கதிர்களெல்லாம் விறைப்பாக, நேராக நின்றன. பார்க்க அழகாக இருக்கிறது என்றேன். அவர் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினார். எல்லாமே பறந்துபோய்விட்டது.

"நெல்லு இருந்தா தல குனியும் பாப்பா. இது நிமுந்து நிக்குது பாரு. உள்ள ஒண்ணும் இல்ல. பூக்குற நேரத்துல மழ புடிச்சிச்சி, எல்லாம் சாவி."

சாவியா என்று கேட்டேன். வயலில் சாவி எங்கே இருக்கிறது என்று குனிந்துகூடப் பார்த்தேன். பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "உங்கப்பன் பாக்கெட்டுல இருக்குற சாவி வேற. எங்க ஊருல பதராப்போன நெல்லுக்கும் சாவின்னுதான் பேரு." வீட்டுக்குத் திரும்பியபோது அவர் சிரிக்கவில்லை. இந்தப் போகமும் போனது, அடுத்ததும் இப்படியே ஆனால் நிலத்தை விட்டுவிடச் சொல்லிவிட்டார் நிலத்துக்காரர் என்று அப்பாவிடம் சொன்னார். "நீ பேண்ட் சட்ட போட்டுக்கினு வந்து ஒரு வார்த்த பேசுனா கேப்பாருடா. நான் போய் நின்னா வாசலோட அனுப்பிடுறாரு." அப்பா வாயில் ஒரு திருகாணியைக் கடித்துக்கொண்டு, "பேசலாம்ணே, பேசலாம்," என்றார்.

அதற்கப்புறம் கடலூரில் கடிகாரங்கள் கூடக் கூட, குமராட்சிக்குப் போவது குறைந்தது. ஒரு ஞாயிறு ஷிப்ட், ஒரு ஞாயிறு பழைய சாமான் கடை. மழைக்காலம் வந்தது, கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்தார்கள். நாங்கள் போகவே இல்லை.

இந்த இடத்தில் போன் விஷயத்தைச் சொல்லவேண்டும். வீட்டுப் போனை எடுத்துப் பேச அப்பா எனக்குப் பழக்கியிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர்கள் ஒரு செய்தியைப் போனில் வாங்கினால் அப்படியே திருப்பிச் சொல்லவேண்டுமாம், ஒரு வார்த்தை மாறினால் இரண்டு ரயில் மோதிக்கொள்ளுமாம். "கேட்டத அப்படியே சொல்லணும். ஒரு எழுத்து கூடவும் கூடாது, கொறையவும் கூடாது." நான் சரியாகச் சொன்னால், "சபாஷ், ஸ்டேஷன் மாஸ்டர்!" என்று முதுகில் தட்டுவார். அந்தச் சபாஷுக்காக நான் போன் எப்போது அடிக்கும் என்று காத்துக்கிடப்பேன்.

தை பிறந்து கொஞ்ச நாள் இருக்கும். ஒரு சாயங்காலம் போன் அடித்தது. அப்பா கம்பெனியில், அம்மா கடைத்தெருவில். பெரியப்பா யாருடைய செல்போனிலிருந்தோ பேசினார். நடுவில் நடுவில் நிறுத்தினார். "எல்லாம் சாவின்னு சொல்லு பாப்பா. அப்பாவ ஒடனே ஒரு எட்டு வந்துட்டுப் போவச் சொல்லு." நான் அதை அப்படியே திருப்பிச் சொன்னேன். "ஆங், அதான்," என்று வைத்துவிட்டார். வயல் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்.

அப்பா வந்ததும் வாசலிலேயே நிறுத்தி ஒப்பித்தேன். சபாஷ் கிடைத்தது. அப்பாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "பாத்தியா, எங்க அண்ணனுக்கும் டைம் பாக்குற பழக்கம் வந்துடுச்சி. கடியாரம் நின்னு போச்சின்னு தவிக்குது!" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அம்மாவுக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. பெரியப்பாவை அவள் மாமா என்றுதான் சொல்வாள். "மாமா அதுக்காவா போன் பண்ணுவாரு? ஒரு எட்டு நேர்ல போயிட்டு வந்துடுங்களேன்."

"நான் போனாத்தான் சாவியா? சாவியவே அனுப்பிட்டாப் போச்சி," என்றார் அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சிதம்பரத்துக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. ஒரு கடையில் பிளாட்பாரக் கடிகாரம் வந்திருக்கிறது என்று தகவல். இரண்டு பக்கமும் முகம் உள்ள பெரிய கடிகாரம், அப்பாவின் நெடுநாள் ஆசை. வாங்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். குமராட்சி மினி பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. அப்பா சாவியை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, பெரியப்பாவைத் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்தார். "அண்ணங்கிட்ட குடுத்துடுங்க. மெதுவா முறுக்கச் சொல்லுங்க."

"நீங்களும் ஏறிக்குங்களேன் சார், சீட்டு இருக்குது," என்றார் கண்டக்டர்.

அப்பா மினி பஸ்ஸைப் பார்த்தார், சாக்கு மூட்டையைப் பார்த்தார். "இத தூக்கிக்கினு முடியாதுப்பா. அடுத்த வாரம் வரேன்." பெரியப்பா வீட்டுக்குப் போகலையா என்று நான் கேட்டதற்கும் அடுத்த வாரம்தான் பதில். கடலூர் வரைக்கும் அந்தக் கடிகாரத்தை இருவர் மடியிலுமாக வைத்துக்கொண்டு வந்தோம். எனக்குத் தொடை மரத்துப்போய்விட்டது.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்குள் ஆள் வந்துவிட்டது.

என்னிடம் நெஞ்சுவலி என்றார்கள். பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்வார்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டு நிற்பார்கள், நான் கிட்டப் போனால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கிராமத்து வீட்டுக் கூடத்தில் பெரியப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அவருக்கு மேலே, சுவரில், அந்தச் சின்னக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சாவி வந்து சேர்ந்திருக்கிறது. தம்பி சொல்லி அனுப்பியபடியே மெதுவாக, சிக்காமல் முறுக்கியிருக்கிறார். அழுகைச் சத்தம் ஓயும்போதெல்லாம் அந்த டிக் டிக் மட்டும் கேட்டது. அதை நிறுத்தவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போனார். கதிர்கள் நேராக நின்றன. பக்கத்து வயல்காரர் எங்களைப் பார்த்து வந்தார். "எல்லாம் சாவி தம்பி, ஒரு மணி இல்ல. நிலத்த விட்டுருன்னு ஆள் அனுப்பிட்டாங்க. ஞாயித்துக்கெழமைக்கு நீ வந்து பேசிடுவன்னு உங்கண்ணன் சொல்லிக்கினே இருந்திச்சே. எங்கிட்ட செல் வாங்கித்தான் போன் போட்டிச்சி. சேதி வல்லியா?"

அப்பா ஒரு கதிரை உருவிக் கையில் வைத்துக் கசக்கினார். ஊதாமலே காற்று அதை எடுத்துக்கொண்டு போயிற்று. அந்த மண்ணில் பிறந்து, அந்த வார்த்தையைப் பேசி வளர்ந்தவர் அவர். பிறகு அப்படியே வரப்பில் உட்கார்ந்து, என்னை எதிரே நிறுத்தினார்.

"பாப்பா, அன்னிக்குப் பெரியப்பா போன்ல என்னா சொன்னாரு?"

"எல்லாம் சாவின்னு சொல்லு பாப்பா. அப்பாவ ஒடனே ஒரு எட்டு வந்துட்டுப் போவச் சொல்லு."

"இன்னொருவாட்டி சொல்லு."

சொன்னேன். மறுபடியும் கேட்டார். அவர் முகமெல்லாம் நனைந்திருந்தது. அண்ணன் போன துக்கம் என்று நினைத்தேன். நான் சரியாகச் சொல்கிறேனா என்று சோதிக்கிறார் என்றும் நினைத்தேன். அதனால் கையைக் கட்டிக்கொண்டு, பெரியப்பா நிறுத்தின இடத்திலெல்லாம் நிறுத்தி, ஒரு எழுத்து கூடாமல் குறையாமல் சொல்லி முடித்தேன். சபாஷ் சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.