எருக்கு கொடுத்தவர்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் வீடு கட்டிய புதிதில், வாசலுக்குப் பட்டாம்பூச்சி வர வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. வாரம் தவறாமல் ஒரு தரகர் வந்து, “வித்துடுங்க சார்” என்று நச்சரித்த காலம் அது. தெருவில் யார் சிரித்தாலும் அந்தத் தரகரின் ஆள் என்றே எனக்குத் தோன்றும்.

பட்டாம்பூச்சி வர என்ன வைக்கலாம் என்று கேட்கப் போனபோது, பக்கத்து ஆடுகோடியில் செடி விற்றவரும் சிரித்தார். ஒல்லியான உடம்பு, காதில் பென்சில். எந்தச் செடியை எடுத்தாலும் முதலில் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். நான் கேட்ட ரோஜாவை ஒதுக்கிவிட்டுத் தும்பையும் ஆவாரையும் எடுத்து வைத்தார். பிறகு, “எக்க” என்று கன்னடத்தில் சொல்லி ஒரு கன்றை நீட்டினார். பார்த்தால் எருக்கு!

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். ‘உன் வீட்டில் எருக்கு முளைக்க’ என்று சபிப்பார்கள். இவர் அதைத் தொட்டியோடு தருகிறார்.

“யாருய்யா உங்கள அனுப்புனது?”

“நீங்கதானே சார் வந்தீங்க? பூ மட்டும் வெச்சா பட்டாம்பூச்சி காபி குடிச்சிட்டுப் போயிடும். முட்ட வெக்க, புழு திங்க, எருக்கு இலை வேணும். இத வெச்சாதான் குடி வரும்.”

அரை மனதோடு கொண்டுவந்து வாசல் ஓரத்தில் வைத்தேன். அடுத்த வாரம் வந்த தரகர் கேட் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

“என்ன சார், வாசல்லயே எருக்கு? இனி இந்த வீட்ட எவன் வாங்குவான்?”

அப்புறம் அவர் வரவே இல்லை. புழுக்கள் வந்தன, பட்டாம்பூச்சிகளும் வந்தன.

செடிக்காரரிடம் தரகரைப் பற்றி நான் சொன்னதாக நினைவில்லை; தெரிந்துதான் எருக்கைக் கொடுத்தாரோ என்னவோ. ஆனால் இன்றும் யாராவது சிரித்துக்கொண்டே எதையாவது நீட்டினால், அவரைப் போலவே முதலில் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன்.