பாயம்மா கொடுத்த புடலை விதை

ஈயம் பூசும் ஜமீருக்கு வாழ்க்கைப்பட்டு நசீம் பானு காரிமங்கலம் வந்தது 1931-இல். வீட்டுக் கொல்லையைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. உடைந்த அண்டாக்களும் கரியும் சாம்பலுமாக முழங்கால் உயரத்துக்குக் குப்பை. ஒரு மாதம் அழுதாள். அப்புறம் மண்வெட்டியை எடுத்தாள். நாலு வருஷத்தில் அந்தச் சாம்பல் மண்ணிலே கத்தரி, அவரை, பீர்க்கை, புடலை, வேலியோரம் முருங்கை என்று இண்டு இடுக்கில்லாமல் நிறைந்துவிட்டது. தை பிறந்தால் விதை கேட்டுத் தெருவே அவள் வீட்டு வாசலுக்கு வரும்.

விதை கொடுக்கும்போதுதான் அவளுக்குள் இருந்த குறும்பு தலை நீட்டும். கேட்ட விதையை எல்லாருக்கும் கொடுத்துவிட மாட்டாள். தருமபுரிக்குப் போன நாளில் குதிரைக்குக் களைப்பு என்று சொல்லி ஜட்கா ஓட்டும் செல்லன் அவளைப் பாதி வழியிலேயே இறக்கிவிட்டான். அந்த வருஷம் அவன் கத்தரி விதை கேட்டான். சுண்டை விதையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். செடி ஆள் உயரம் வளர்ந்து, கோலி அளவுக்குக் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. "மண்ணு சரியில்லீங்க போலிருக்கு" என்று செல்லன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"ஒரு நாளைக்கு மாட்டிக்குவே பாரு" என்பார் ஜமீர்.

"வெதை என்ன, வாயத் தொறந்து பேசவா போவுது?" என்பாள் நசீம் பானு.

1941 தை மாதம், பக்கத்து வீட்டு மளிகைக்கடை மாதப்பன் அவளுடைய முருங்கையில் கை வைத்தார். அவர் பக்கம் சாய்ந்திருந்த பெரிய கிளையை, அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வெட்டிவிட்டார். கம்பளிப்பூச்சி விழுகிறது என்பது காரணம். வெட்டியதாவது போகட்டும். அன்றைக்கு மத்தியானம் அவர் வீட்டிலிருந்து முருங்கைக்கீரை வதக்கும் மணம் வந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அதே மாதப்பன் வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"பாயம்மா, பங்குனியில நம்ம பொண்ணுக்குக் கல்யாணம் வெக்கலாம்னு இருக்கேன். பந்திக்குப் புடலங்கா கூட்டு போடணும். நாலு வெதை குடுங்க."

"நாலு எதுக்குங்கண்ணா? இருபதா வாங்கிக்கங்க" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். எடுத்து வந்தது அத்தனையும் பாகல் விதை. கடையில் துவரையும் கடுகும் அளக்கிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது?

மாதப்பன் மூங்கில் வாங்கி வந்து பெரிய பந்தலாகவே போட்டார். கொடி ஏறியது. காலையில் நசீம் பானு பாத்திரம் துலக்கும் சாக்கில் படலோரம் உட்கார்ந்துகொள்வாள். "புடலை எப்படி ஏறுது பாருங்க" என்று அவர் காட்டுவார். "ஆமாங்கண்ணா, நல்லா ஏறுது" என்பாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரே ஒரு சந்தேகம்தான் அவளை அரித்தது. மாதப்பன் பெண்சாதி முனியாயி மாரண்டஹள்ளிப் பக்கத்துக் காட்டுக்காரி, வெள்ளாமை பார்த்து வளர்ந்தவள். அவளுமா கண்டுபிடிக்கவில்லை?

பங்குனி பிறந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு புளி தட்டும் சத்தம். வேம்பெல்லாம் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பந்தலில் காய் இறங்கியபோது மாதப்பன் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். ஒன்றைப் பறித்து, முனையைக் கடித்து, துப்பினார்.

இனி படலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வசவு வரும் என்று நசீம் பானு காத்திருந்தாள். வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டு வண்டி வந்து நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா பெரியண்ணன் ரொம்பவும் இழுத்தடிக்கிற ஆள். இரண்டு தடவை வந்தும் நாள் குறிக்காமல் போனவர். கை கழுவக் கொல்லைப் பக்கம் வந்தவர் பந்தலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். படலின் சந்து வழியாக நசீம் பானுவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தி, எனக்கு நீரிழிவுன்னு யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

மாதப்பன் விழித்தார்.

"பாலக்கோட்டு வைத்தியர் தெனம் பாகக்கா திங்கச் சொல்லியிருக்காரு. என் வூட்லயே எனக்காக ஒரு கொடி வெச்சவங்க கெடையாது. நீங்க பந்தலே போட்டிருக்கீங்க." சொல்லிக்கொண்டே மாதப்பன் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே தேதி குறித்தார்கள். பங்குனி இருபத்தாறு.

நசீம் பானுவுக்கு ஏமாற்றமென்றால் இன்னதென்று சொல்ல முடியாத ஏமாற்றம். இரண்டரை மாதமாகக் காத்திருந்தது இதற்காகவா?

சாயந்தரம் முனியாயி படலோரம் வந்தாள். "எல விடறப்பவே பாகல்னு எனக்குத் தெரியுங்க பாயம்மா."

"அப்புறம் ஏன் நீ சொல்லல?"

"கெளைய வெட்டாதீங்கன்னு நானும் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாரா? அனுபவிக்கட்டும்னு தண்ணி ஊத்துனேன். தெனம் ரெண்டு கொடம்."

இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அதற்கு மேல் முடியவில்லை. என்னவோ ஏதோவென்று ஜமீர் துருத்தியை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கும்படி சிரித்தார்கள்.

மறுநாள் மாதப்பன் தட்டில் வாழைப்பழமும் மல்லிகைப்பூவும் கற்கண்டும் வைத்துக்கொண்டு வந்தார். "சம்பந்திக்கு நீரிழிவுன்னு தெரிஞ்சுதானே பாகல் வெதை குடுத்தீங்க?" என்றார். அந்தத் தட்டைப் பார்த்ததும் நசீம் பானுவுக்கு மனசு உறுத்தியது.

"அண்ணா, உள்ளதச் சொல்லிடறேன். கெளைய வெட்டுனீங்கன்னு கோவத்துல வேணும்னேதான் மாத்திக் குடுத்தேன்."

மாதப்பன் தலையை ஆட்டிக்கொண்டார். "இப்படிச் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியுங்க. செஞ்ச நல்லதச் சொல்லிக்காத கொணம் உங்களுக்கு."

"இல்லீங்கண்ணா, நெசமாத்தான்."

"நெசந்தான், நெசந்தான்" என்று தட்டை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார். ஜமீர் குனிந்த தலை நிமிராமல், பளபளவென்றிருந்த ஒரு குண்டானையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு அவளுடைய பிழைப்பு கெட்டது. பாயம்மா கையால் எந்த விதை வாங்கினாலும் அதில் ஏதோ அர்த்தம் இருக்கும் என்ற பேச்சு சந்தை வரைக்கும் போயிற்று. அவரை விதை கேட்டவளுக்கு அவரை விதையையே கொடுத்தால் முகம் வாடிப்போயிற்று. "எனக்கு ஒண்ணும் மாத்திக் குடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள் ஒருத்தி. இப்படி ஆனபிறகு யாரை ஏமாற்றுவது?

கல்யாணத்தில் சமையல்காரர் மட்டும் முறுக்கிக்கொண்டார். மங்கல காரியத்தில் யாராவது கசப்பு போடுவார்களா என்பது அவர் வாதம். பெரியண்ணன் ஒரே பிடியாக நின்று போடவைத்தார். பெண்கள் பந்தியில் நசீம் பானு முனியாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெரியண்ணன் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் இலைக்கு முன்னால் நின்றார்.

"உங்களாலதாம்மா இந்தக் கல்யாணம்" என்று ஒரு கரண்டி போட்டார். அவள் கையைக் குறுக்கே நீட்டுவதற்குள் இன்னொரு கரண்டி விழுந்தது.

பிறந்ததிலிருந்து நசீம் பானு பாகற்காயை வாயில் வைத்ததில்லை. பெரியண்ணன் நகராமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு வாய் எடுத்து, மென்று, விழுங்கினாள்.

"எப்படி இருக்குதுங்க?"

"ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றாள், கண்ணில் தண்ணீர் முட்ட. முனியாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பெரியண்ணன் நெகிழ்ந்துபோய் மூன்றாவது கரண்டியும் போட்டார்.