அலையில்லாத இடம்

எண்பதுகளில் என் கணவருக்கு பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் பிரெஞ்சு அரசு உத்தியோகம். ஆடி மாத விடுமுறைக்கு ஆஸ்திரேலியக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போயிருந்தோம். அங்கே அப்போது குளிர்காலம். கரையில் ஈ காக்கை இல்லை.

ஆடி அமாவாசையன்று, "காரைக்கால்ல பொறந்த நமக்குக் கடல் தெரியாதாங்க? அதோ, அலையே இல்லாத எடம். செத்துப்போன உங்க அப்பாவை நெனச்சு முழுக்குப் போடுங்க" என்று நான்தான் இறக்கிவிட்டேன். மூன்றாம் முழுக்கில் நீரோட்டம் அவரை உள்ளே இழுத்தது. நாயோடு நடந்துவந்த ஒருவர் பாய்ந்து நீந்தி மீட்டார். அலையில்லாத இடத்தில்தான் நீர் கரையிலிருந்து கடலுக்குள் ஓடுமாம்; அவர்தான் சொன்னார்.

நடுங்கிக்கொண்டே கணவர் சொன்னார்: "ஊர்ல என்னிக்கு நாமளா எடம் பார்த்தோம்? கிளிஞ்சல்மேட்டு மீனவக் குப்பத்துப் படகுக்காரருல்ல இடுப்பளவு தண்ணியில நின்னு, 'இங்க எறங்குங்க'ம்பாரு!"

இப்போதெல்லாம் கடலோடுபவர் ஒருவரைக் கேட்காமல் நான் கால் நனைப்பதில்லை. காரைக்காலிலும்தான்.