வடகிழக்கு மூலையில் ஒரு நாட்காட்டி

ஆறாம் வகுப்பில் நாகரிகங்களைப் பங்கிட்ட நாளில் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். திரும்பிப் போனபோது எகிப்து போய்விட்டது. கிரேக்கம், ரோமாபுரி, சீனம் எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. பெயர் எழுதப்படாமல் மிஞ்சியிருந்தது இஸ்லாமிய நாகரிகம். வராதவருக்கு மிஞ்சியதே கிடைக்கும் என்ற நடைமுறையை நான் முதலில் கற்றது அங்கேதான். பிற்பாடு அரசாங்க அலுவலகத்தில், உடல்நலம் கெட்டு முன்கூட்டியே ஓய்வு பெறும் வரை, அதையே மற்றவர்களுக்குச் செய்து சம்பளம் வாங்கினேன்.

ஒரு நாகரிகத்துக்கு ஒரு பிரிஸ்ரல் போர்ட் அட்டை. தலைப்பு மேலே, படங்கள் நடுவில், முடிவுரை கீழே. நத்தார் என்கிற கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முன் ஒப்படைக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். நான் கவலைப்படவில்லை. எகிப்தை எடுத்தவளின் வீட்டில் எகிப்தியர் எவரும் இல்லை. எங்கள் வீட்டு முன்னறை ஹோலிலோ ஒரு முஸ்லிம் படுத்து எழும்பினார்.

ஊரில் முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல் அவரை நாங்கள் நானா என்போம். ரொறன்ரோவின் பார்க்டேலில் அப்பாவோடு ஒரே உணவகத்தில் கோப்பை கழுவியவர். யாழ்ப்பாணத்தில் ஐந்து சந்திக்குப் பக்கத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். எங்கள் ஊர் வீட்டுக் கதவுகளைத் தாங்கிய இரும்புப் பிணைச்சல்கள் அவர் கடையில் வாங்கியவை. உணவகத்தின் பின்கட்டில் அவரை அடையாளம் கண்டதும் அப்பா முதலில் விசாரித்தது அந்தப் பிணைச்சல்களைப் பற்றித்தானாம். அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

இருவரும் ஊரில் ஒரு தெரு விடாமல் பேசித் தீர்ப்பார்கள். பேச்சு தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியை நெருங்கினால் மட்டும் அப்பா எழும்பித் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கப் போவார். அந்த ஐப்பசியில் தனிநாட்டுக்காகப் போராடிய எங்கள் இயக்கப் பெடியள் துவக்குகளும் தோட்டாக்களுமாக வந்து, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒருவர் மிச்சமில்லாமல் அன்றே வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். போகிறவர்களின் நகையையும் காசையும் வழியில் வாங்கிக்கொண்டார்கள். நானாவின் மனைவியும் பிள்ளைகளும் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள். பெரியவர்களுக்கு இதெல்லாம் தெரியும். நானாவின் கடை பூட்டியிருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பென்சிலோடு போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"நானா, பக்தாத்தைப் பற்றிச் சொல்லுங்கோ."

"பக்தாத்தோ? நான் கொழும்புக்கே எப்பவாவது ஒருக்காத்தான் போறனான், மகள்."

"கிரேக்கப் புத்தகங்களையெல்லாம் அரபிக்கு மாத்தினவையாமே?"

"மாத்தியிருப்பினம். எங்கடை ஆக்கள் சும்மா இராயினம். ஆணி, பூட்டு, கொண்டி எண்டால் கேளுங்கோ, சொல்லுறன்."

என் நாகரிகத்துக்கு என் வீட்டிலிருந்த ஒரே சாட்சி இப்படிக் கைவிரித்துவிட்டதால் நூலகத்துக்குப் போக வேண்டியதாயிற்று. வட்டமாகக் கட்டிய பக்தாத் நகரம், இந்தியாவிலிருந்து போன எண்கள், சீனரிடம் கற்ற காகிதம், இன்னமும் அரபிப் பெயரோடு மினுங்கும் நட்சத்திரங்கள் என்று கிடைத்ததையெல்லாம் எழுதினேன். எனக்கு மிகவும் பிடித்தது திசைக் கணக்கு. உலகத்தில் எந்த ஊரில் நின்றாலும் மக்கா எந்தப் பக்கம் என்று அந்த வானியலாளர்கள் கணித்தார்கள். ஊர் ஊராக அட்டவணை போட்டார்கள். பார்க்டேல் மட்டும் விடுபட்டிருந்தது.

எங்கள் வீட்டில் அந்தக் கணக்கை அப்பா ஏற்கெனவே போட்டு முடித்திருந்தார். நானா வந்த முதல் நாளே, "வெக்கப்படாதேங்கோ நானா, இஞ்சையே தொழுங்கோ. மேற்கு உந்தப் பக்கம்" என்று கம்பளத்தை இழுத்துத் திருப்பிவிட்டார். ஊர்ப் பள்ளிவாசல்கள் மேற்கே பார்த்திருந்ததைக் கண்டவர் அவர். நாங்கள் கனடாவுக்கு வந்துவிட்டதால் மக்கா இடம் மாறும் என்று எண்ண அவருக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. நானா "சந்தோசம், தம்பி" என்றார். பிறகு ஒரு துப்பட்டியை மடித்து எடுத்துக்கொண்டு, கட்டடத்தின் அடித்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறைக்குத் தொழப் போனார். நாள்தோறும் அங்கேதான் போனார்.

மார்கழி தொடக்கத்தில் கட்டடத்தைப் பராமரிக்கும் சுப்பரின்டன் வந்து கதவைத் தட்டினார். மெஷின்களுக்கு நடுவில் ஒரு ஆள் குனிந்து கிடப்பதைப் பார்த்து யாரோ பயந்துவிட்டார்களாம். இன்னொரு முறை கண்டால், வாடகைப் பத்திரத்தில் பெயரில்லாதவர் வெளியே போக வேண்டும் என்றார். நடைமுறைப்படி அவர் சொன்னது சரி.

"உவருக்கு மேலை, எங்கடை வீட்டிலை தொழ என்ன குறை?" என்றார் அம்மா.

"அவையின்ரை சமய விசயத்திலை நாங்கள் தலைபோடக்கூடாது" என்றார் அப்பா.

"அப்ப பனிக்குள்ளை அந்த மனிசனைப் போகச் சொல்லப் போறியளோ? ஆருக்கு நீங்கள் அதை இன்னொருக்காச் சொல்லுவியள்?"

அப்பா கேத்தில் வைக்கப் போனார்.

நானா போய்விடக் கூடாது என்று நான் முடிவு செய்தேன். வகுப்பறையில் உலக உருண்டை இருந்தது. ரொறன்ரோவில் நூலின் ஒரு நுனியையும் மக்காவில் மறு நுனியையும் பிடித்து இறுக்கினேன். நூல் மேற்கே போகவில்லை. கிழக்கேயும் நேராகப் போகவில்லை. வடகிழக்காக ஏறிக் கடலுக்கு மேலால் போனது. ஆசிரியையின் திசைகாட்டியைக் கடன் வாங்கி வந்து ஹோலின் நடுவில் வைத்தேன். முள் மூலமாக எல்லாம் விளங்கிவிட்டது. வடகிழக்கு என்பது எங்கள் ஈசான மூலை. அம்மாவின் சாமிப்படங்கள் அங்கேதான் இருந்தன. பிள்ளையாரையும் இலட்சுமியையும் நோக்கி ஒரு முஸ்லிம் எப்படி விழுந்து தொழுவார்? எங்களிடம் எப்படித்தான் சொல்வார்?

சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் ஒரு நாட்காட்டியும் தொங்கியது. இயக்கத்துக்குக் காசு சேர்க்க வருபவர்கள் கொடுத்தது. சீருடையும் துவக்குமாகப் பெடியள் அதில் வரிசையாக நின்றார்கள். அவர்களில் என் கடைசி மாமா இல்லை. ஆனால் அவரும் ஊரில் எங்கோ அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார். கடிதம் வந்து நெடுநாள். பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டிய கையோடு அம்மா அந்த நாட்காட்டிக்கும் காட்டுவார்.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போன பிறகு கதிரையில் ஏறினேன். எதையும் அகற்றுமுன் உரியவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று இன்று சொல்வேன். அன்று பிள்ளையாரிடம் வாயால் மட்டும் "சொறி" சொல்லி மன்னிப்புக் கேட்டேன். படங்களை ஒவ்வொன்றாகக் குசினி அலுமாரிக்குக் கொண்டுபோனேன். விளக்கையும் எடுத்தேன். சுவரைத் துடைத்தேன்.

நானா வேலையால் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதெல்லாம் ஆர் செய்தது?"

"நான்தான். நூல் இந்த மூலைக்குத்தான் வருது, நானா. உங்கடை ஆக்கள்தான் கணக்குப் பார்த்தவை."

"எனக்குத் தெரியும், மகள். வெள்ளிக்கிழமையிலை பள்ளிவாசலிலையும் இந்தப் பக்கந்தான் பார்க்கிறது."

"அப்ப இனி மேலையே தொழுங்கோ. இப்ப ஒரு சாமியும் இல்லை."

சுவரில் நாட்காட்டி மட்டும் தொங்கியது. நான் படங்களைக் கழற்றும்போது முழங்கை பட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது. நானா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். சப்பாத்திலிருந்த பனி உருகிக் கம்பளத்தில் ஊறியது.

"சாமிப்படத்தாலை எனக்கு ஒண்டுமில்லை, மகள்" என்றார் கடைசியில். "ஒரு சீலையைத் தொங்கவிட்டால் முடிஞ்சுது. கொண்டு வாங்கோ, அம்மா வரமுந்தித் திருப்பிக் கொழுவுவம். இல்லாட்டி உங்களுக்குப் பூசைதான்."

நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவர் மாட்டினார். எது எந்த ஆணிக்கு உரியது என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. எல்லாம் முடிந்த பிறகு, சரிந்திருந்த நாட்காட்டியை ஒற்றை விரலால் தொட்டு நேராக்கிவிட்டார். அந்தப் படம் அவருக்குப் பிடித்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு துப்பட்டியை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

அடுத்த வாரம் அட்டையை ஒப்படைத்தேன். "எந்த ஊருக்குப் போனாலும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்" என்பது முடிவுரை. நல்ல வசனம், படங்கள் போதாது என்று ஆசிரியை எழுதியிருந்தார்.

நத்தாருக்கு முதல் நாள் நானா, நகருக்கு வெளியே பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் வேலை கிடைத்திருப்பதாகவும் அங்கே நாலைந்து பேரோடு தங்கப் போவதாகவும் சொன்னார். சுப்பரின்டன் அவரை மறுபடி கண்டாரா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. அம்மா அழுதுகொண்டே பிட்டும் சம்பலும் கட்டிக் கொடுத்தார்.

அந்த வாரந்தான் காசு சேர்ப்பவர்கள் புது ஆண்டின் நாட்காட்டியைக் கொண்டுவந்து தந்திருந்தார்கள். பழையது கழற்றிக் கிடந்தது. நான் அதைச் சுருட்டிச் சிவப்புக் கம்பளி நூலால் கட்டிவைத்திருந்தேன். நானாவை ஏற்றிப்போகும் வான் வண்டி வந்து கீழே நின்றபோது, கதவருகில் நானாவிடம் நீட்டினேன்.

"உங்களுக்குத்தான். இந்தப் படம் உங்களுக்கு விருப்பம் எண்டு எனக்குத் தெரியும்."

நானா அப்பாவைப் பார்த்தார். அப்பா கேத்தில் வைக்கப் போனார். அம்மா கதவின் பிடியைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்தார்.

நானா குனிந்து என் தலையைத் தடவினார். சுருளை என் கையிலேயே வைத்து என் விரல்களை மெதுவாக மடித்துவிட்டார்.

"அங்கை கொழுவ இடம் இராது, மகள்."

பிறம்ரனில் வீடுகள் எல்லாம் பெரிது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு நாட்காட்டிக்குக்கூடச் சுவர் இல்லாத வீட்டில் நானா எப்படிக் கால் நீட்டிப் படுப்பார் என்று வெகுநாள் கவலைப்பட்டேன்.