அவர் யாராக இருந்தாலும்

ஆண்டவருடைய பிள்ளைகளே, நின்று பேச எனக்குத் தெம்பில்லை. உட்கார்ந்தே சொல்கிறேன்.

என் பெயர் எஸ்தர். பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் டேவிட் அங்கே ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்தார். போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை துணி அலசிக்கொண்டிருந்தேன். தரை அதிர்ந்தது. பிறகுதான் சத்தம் வந்தது. கம்பெனிப் பக்கம் மஞ்சள் புகை எழுந்தது. ஓடினேன். அவர் வேலை செய்த ஷெட்டுக்குக் கூரையே இல்லை.

உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர். என் வீட்டுக்காரர், அவரோடு வேலை செய்த முருகேசன். ஒருவர் அங்கேயே இறந்துவிட்டார். இன்னொருவரை உயிரோடு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இறந்தவர் உடலும் அங்கேயே பிணவறைக்குப் போனது. யார் எவர் என்று சொல்ல முடியாதபடி இருவரும் வெந்திருந்தார்கள். உயரமும் உடல்வாகும் ஒன்றுதான். மரபணுச் சோதனை முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

தீக்காய வார்டு வாசலில் முருகேசன் மனைவி சாந்தாமணி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியே பார்த்தோம். முகம் முழுக்கக் கட்டு. வாயில் குழாய். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. இவர் என்னுடையவராக இருக்க வேண்டும் என்று ஜெபித்தேன். அது அவள் தாலியை அறுக்கச் சொல்வது என்று தெரிந்தும் கேட்டேன்.

மூன்றாம் நாள் டாக்டர் வந்து நம்பிக்கை குறைவு என்றார். சாந்தாமணி அழவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, உங்க சாமிகிட்ட நீங்க கேளுங்க. மாரியாத்தாகிட்ட நான் கேக்கறனுங்க. யாரா இருந்தாலும் பொழச்சு வரட்டும். அது போதுங்க.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கேட்டேன். ஆண்டவரே, இவர் யாராக இருந்தாலும் பிழைக்கட்டும். மூன்று நாளில் முதல்முறையாகக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. குழாயை எடுத்தார்கள். நர்ஸ் அவர் பெயரைக் கேட்டாள்.

“முருகேசனுங்க.”

சாந்தாமணி என் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைத் தூக்கி நிறுத்தி, “உள்ள போ அம்மணி. உன்னத் தேடுவாரு” என்றேன். பிறகு பிணவறைக்கு வழி விசாரித்தேன்.

அதற்குப் பின் நான்கு மாதம் சபைக்கு வரவில்லை. பைபிளைத் திறக்கவில்லை. உங்களில் சிலர் வந்து கதவைத் தட்டினீர்கள். உள்ளே இருந்துகொண்டே திறக்காமல் இருந்தேன்.

ஆனால் ஒன்று என்னை விடவில்லை. ஒரு ராத்திரி ஆண்டவரிடம் கோபத்தோடு அதையே கேட்டேன். அவளை உள்ளே போகச் சொன்னது யார்? நான் அவ்வளவு நல்லவள் இல்லை, என்னை எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை என் வாயில் வைத்தவர் அந்த நேரம் என் பக்கத்தில் இருந்திருக்கிறார். அதற்காகத்தான் இன்று நன்றி சொல்கிறேன்.

ஜெபம் கேட்கப்பட்டதா என்று கேட்கிறார்கள். கேட்கப்பட்டது. பிழைக்கட்டும் என்றேன், பிழைத்தார். ஆண்டவர் டேவிட்டை ஏன் எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கவும் மாட்டேன்.

இப்போது மாதம் ஒருமுறை அந்த வார்டு வாசலுக்குப் போய், காத்திருப்பவர்களோடு உட்காருகிறேன். சாந்தாமணியும் வருகிறாள்.

களைத்துப்போனவர்கள் இங்கே இருந்தால் ஒன்று சொல்கிறேன். ஆண்டவரிடம் கோபமாகவாவது பேசுங்கள். நான் அப்படித்தான் திரும்பி வந்தேன்.