கண் மூடிய பரீட்சகர்

1940-களில் மயிலாப்பூரில், பார்வையற்றோருக்கான சங்கீதப் பள்ளியில் நான் பயின்றேன். ஆண்டுப் பரீட்சையில் தேறாதவனைப் பிரம்பு நாற்காலி பின்னும் வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். என் கீர்த்தனையிலோ, ஸ்வரங்களை மட்டும் விரைந்து பாடவேண்டிய சிட்டைஸ்வரப் பகுதி ஒரு வாரமாகப் பிடிபடவில்லை.

பரீட்சையன்று எனக்கு முன் ஒருவன் பாடிக்கொண்டிருந்தான். தம்புரா மீட்ட வந்திருந்த பார்வையுள்ள நண்பன் என் காதருகே சொன்னான்: "பரீட்சகர் கண்ணை மூடிண்டு உருகறார்டா."

நான் செவிமடுத்தேன். பரீட்சகரின் மூச்சு சீராக இழுபட்டு, முடிவில் மெல்லச் சீழ்க்கையடித்தது. மூடிய கண்களைக் கண்டு ஏமாறும் வசதி எங்களுக்கு இல்லை.

"தூங்கறார்டா."

"ரசனை கெட்டவனே, சும்மா இரு."

என் முறை வந்தது. சீழ்க்கை தொடர்வதை உறுதி செய்துகொண்டு, சிட்டைஸ்வரத்தை அடியோடு விட்டுவிட்டுச் சரணத்துக்குத் தாவினேன். பாட்டு முடிந்து தம்புராவும் நின்றது. அந்த நிசப்தத்தில்தான் அவர் விழித்துக்கொண்டார்.

"சிட்டைஸ்வரம் வெகு சுத்தம்" என்றார். "கண் இல்லாவிட்டாலும் ஞானம் இருக்கிறது. தேறிவிட்டாய்."

வெளியே வந்ததும் நண்பன் கேட்டான்: "நீ அதைப் பாடவே இல்லையேடா?"

"அவர் கேட்டுட்டாரே, போறாதா?"