மரங்கொத்தி வீட்டில் மின்தடை

மின்கம்பத்தில் ஏறுவதற்கு முன் கட்டிங் பிளேயரின் பிடியால் அதைத் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். அடியில் ஒரு தட்டு, இடுப்பு உயரத்தில் ஒரு தட்டு, கைக்கு எட்டிய இடத்தில் ஒரு தட்டு. மரக்கம்பம் உள்ளே உளுத்திருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். கொட்டுகிற மழையானாலும், மேலதிகாரி ஜீப்பில் உட்கார்ந்து பல்லைக் கடித்தாலும், தட்டாமல் ஏறமாட்டார். மின் அலுவலகத்தில் அவருக்கு மரங்கொத்தி என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் அவரோடு வேலை செய்த ஒருவர்கூடக் கம்பத்திலிருந்து விழுந்ததில்லை என்பது மெல்ல உறைத்தபோது, அதையே மரியாதையாகச் சொல்லத் தொடங்கினார்கள்.

நாமெல்லாம் பறவைகளின் வயிற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர் முதுகைப் பார்த்தவர். கம்பத்தின் உச்சியில் இடுப்புக் கயிற்றில் சாய்ந்துகொண்டு, கீழே பறந்துபோகும் மைனாவின் இறக்கையில் வெள்ளை விரிவதைப் பார்ப்பார். நின்று ரசிக்கத்தான் அப்போதெல்லாம் நேரமில்லை. ஓய்வு நெருங்கிய வருடத்தில் அந்தப் பாக்கியை வசூலிக்கத் தொடங்கினார். கொல்லையில் வாதுமை மரத்தடியில் ஒரு நாற்காலி, உடைந்த வாளியின் அடிப்பாகத்தில் தண்ணீர். கொண்டைக்குருவிகள் குளிக்க வந்தன. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து கூச்சல் போட்டன.

பின்னறை ஜன்னலோரம் அவர் மனைவியின் தையல் மெஷின் இருந்தது. பள்ளிச் சீருடை தைப்பவர். மோட்டார் சத்தத்துக்கு மேலாக அவர் குரல் கேட்கும்.

"ரிட்டையர் ஆனா கூடமாட ஒத்தாசையா இருப்பாருன்னு பார்த்தேன். இப்பவே நாற்காலி கொல்லைக்குப் போயிடுச்சு!"

பிறகு ஒரு நாள் மனைவியே ஜன்னல் வழியே கைகாட்டிச் சிரித்தார். "அங்க பாருங்க, உங்க சொந்தக்காரங்க குடிவந்திருக்காங்க."

வாதுமையின் பட்டுப்போன கிளையில் ஒரு மரங்கொத்தி ஜோடி பொந்து குடைந்துகொண்டிருந்தது. ஆண் பறவை முதலில் இங்கே தட்டியது, நகர்ந்து அங்கே தட்டியது, தலையைச் சாய்த்துக் கேட்டது. "தட்டிப் பார்த்துத்தான் இறங்குது. தொழில் தெரிஞ்சவன்" என்றார் அவர், தன் ஆளைப் பற்றிச் சொல்வதுபோல.

மழைக்காலத்துக்கு முன் கம்பியைத் தொடும் கிளைகளை வெட்டும் வேலை வந்தது. அவர் தலைமையில் ஆட்கள் தெருத்தெருவாக வந்து, கடைசியில் அவர் வீட்டுப் பின்சந்துக்கே வந்தார்கள். சந்துக் கம்பத்திலிருந்து அவர் வீட்டுக்குப் போகும் கம்பியின் மேல் அந்தப் பட்ட கிளை உரசிக்கொண்டிருந்தது. உள்ளே குஞ்சுகள் கீச்சிட்டன.

அவரோடு நெடுநாள் வேலை செய்த, ஒல்லி என்றே எல்லோரும் கூப்பிடும் ஆள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, இந்தக் கிளை நம்ம கண்ணுல படல. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்கு நல்லாத் தெரியுது" என்று குரல் வந்தது. பின்வீட்டு மளிகைக்கடைக்காரர் மதில்மேல் முழங்கையை ஊன்றி நின்றிருந்தார். "எங்க கொய்யாவை மொட்டையடிச்ச கை, சொந்த மரம்னதும் நடுங்குதோ?"

யாருக்கும் சலுகை காட்டாதவர் என்று அவர் பணிக்காலம் முழுக்கச் சேர்த்த பெயர் ஒரு பக்கம். பொந்துக்குள் குஞ்சுகள் ஒரு பக்கம். ரம்பத்தை ஒல்லியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

"கிளை கம்பியைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். கிளைதான் போகணும்னு இல்ல, கம்பியைக் கழட்டினாலும் சரிதான். இப்பவே தள்ளிக் கட்டலாம்னா, இழுக்கிறப்ப மோதிப் பட்ட கிளை முறிஞ்சா பொந்தோட போயிடும், குஞ்சுங்க பறக்கட்டும். ஆனா உன் மோட்டார் நின்னுடும்."

மனைவி தைத்துக்கொண்டிருந்த காலரை முடித்து நூலை வெட்டினார். "மிதிச்சுத் தைக்கிறேன். கால் இன்னும் இருக்கு. ஆனா லைட் வர்ற வரைக்கும் சமையல் உங்களது."

"எத்தனை நாள் ஆகுமோ..."

"குஞ்சுகளைக் கேட்டுச் சொல்லுங்க."

அவரே ஏறித் தன் வீட்டுக் கம்பியைக் கழற்றிச் சுருட்டினார். மளிகைக்காரர் விடவில்லை. "அப்போ எங்க லைனையும் இப்படிக் கழட்டியிருக்கலாமே?"

"உங்க கொய்யா இடிச்சது மெயின் லைனை. அதைக் கழட்டினா தெருவே இருட்டு. இதுல எங்க வீடு மட்டும்தான்."

ஊருக்கே வெளிச்சம் கொடுத்தவர் வீட்டில் சாயங்காலமானால் மெழுகுவத்தி எரிந்தது. சாதம் குழைந்தது, இல்லாவிட்டால் அடிப்பிடித்தது. மளிகைக்காரருக்கு மனம் கேட்கவில்லை. "எங்க வீட்டிலேர்ந்து ஒரு வயர் இழுத்துத் தரட்டுமா?"

"அது திருட்டு கரண்ட். அப்புறம் நானே வந்து என்னைப் பிடிக்கணும்."

மதிலுக்கு அப்பால் சிரிப்பு வெடித்தது. அன்றிலிருந்து மளிகைக்காரர் தினமும் மதிலோரம் வந்து, "என்ன, பசங்க பறந்தாச்சா?" என்று விசாரித்தார்.

ஒரு கவலை மட்டும் அவரை அரித்தது. ஓய்வு பெற்றுவிட்டால் அவர் கம்பத்தில் ஏற முடியாது. புதிதாக வருபவர் கம்பியை மாட்ட வந்தால், முதல் வேலையாகக் கிளையைத்தான் வெட்டுவார். பணியின் கடைசி நாள் காலையில் மற்றக் குஞ்சுகள் போய்விட்டிருந்தன. ஒன்று மட்டும் பொந்தில் தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பிரிவுபசார விழாவில் பொறியாளர் கேட்டார். "கடைசி நாள், என்ன வேணும்னாலும் கேளுங்க."

"ஒரு வேலை பாக்கி இருக்கு சார். முடிச்சுட்டுப் போறேன்."

மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, சீருடையோடு, ஒல்லியையும் ஏணியையும் கூட்டிக்கொண்டு சந்துக்கு வந்தார். குஞ்சு அங்கேயே இருந்தது. அவர் காத்திருந்தார். ஒல்லி கடிகாரத்தைப் பார்த்தார். மனைவி மெஷினை விட்டு எழுந்து ஜன்னலுக்கு வந்தார். தாய்ப்பறவை பக்கத்து மரத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"விழுந்துடுச்சு!" என்று கத்தினார் மளிகைக்காரர்.

விழவில்லை. மதிலுக்குச் சற்று மேலே இறக்கை காற்றைப் பிடித்துக்கொண்டது; குஞ்சு தாயிருந்த மரத்துக்குப் பறந்தது.

அவர் கம்பத்தருகே போய் மூன்று முறை தட்டினார். ஏறினார். பழைய இடத்தில் மாட்டாமல், கம்பியைத் தாங்கும் பிடிப்பானைக் கம்பத்தின் மறுபக்கம் நகர்த்தி, கிளைக்கு எட்டாத தூரத்தில் கம்பியை இழுத்துக் கட்டினார். கீழே பின்னறையில் மோட்டார் உறுமியது.

"என் வீட்டுக்காரர்!" என்றார் மனைவி, ஜன்னலிலிருந்து, யாரும் கேட்காமலே.

அதன் பின் அவர் இருந்த காலம் வரை நாற்காலி வாதுமையடியில்தான் கிடந்தது. அவர் இல்லாத இந்த வருடமும் மரங்கொத்திகள் வந்திருக்கின்றன. கம்பி இன்னும் கிளையைத் தொடாமல் விலகியே போகிறது.